மஞ்சத்தண்ணி

அளவெட்டியிலிருந்து வந்த ஐந்தாம் நாள்
டிஸ்பென்சரி வாசலில் ஒருத்தி சொன்னாள்,
“மிஸ், ஒங்ககூட கொஞ்சம் பேசணும்.”
நெஞ்சு திக்கென்றது.
எங்கள் பக்கம் பேசுவதென்றால் ஏசுவது.
அம்மா பேசினால் அன்றைக்குச் சோறு இறங்காது.
“நான் என்ன பிழை விட்டனான்?”
அவளிடம் இருந்தது
மகனின் பூச்சி மாத்திரை பற்றி ஒரு சந்தேகம்.

நானும் சும்மா இருக்கவில்லை.
மழைக்குள் ஓடிவந்த கொழுந்துக்காரியிடம்
“ஆறுதலா வாங்கோ” என்றேன்.
நின்றுவிட்டாள், படியிலேயே.
“ஆறுதலா? யாரு மிஸ் செத்தது?”

அம்மா அனுப்பிய ஒடியல் மா
ஒன்பது நாள் ஆபீஸ் மேசையில் கிடந்தது.
லயத்துக்குத் தபால் வராது,
எல்லாக் கடிதமும் ஆபீசுக்குத்தான்
என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது,
அவர்களுக்கு அது மழைபோல.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
மஸ்கெலியாப் பக்கத்து மூடுபனி
ஜன்னலில் பாலாடையாய் ஒட்டியிருக்க
பணிய லயத்திலிருந்து தப்புச் சத்தம்.
எனக்குத் தெரிந்த ஊரில்
பறை எழும்பினால் பாடை எழும்பும்.
பொட்டை அழித்தேன்.
கரையில்லாத வெள்ளைச் சேலை உடுத்தேன்.
ஈரப் படிகளில் இறங்க இறங்க
முகத்தைச் செத்தவீட்டுக்குச் சரிசெய்துகொண்டேன்.

வளைவு திரும்பினால் வேப்பிலைத் தோரணம்.
ஒலிபெருக்கி.
பித்தளைக் குடத்துக்குப் பூச்சுற்றும் பெண்கள்.
அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.
கமலவேணியின் கையைப் பிடித்து
மெல்லக் கேட்டேன், “எப்ப எடுக்கினம்?”
“கரகமா மிஸ்? பதினொரு மணிக்கு.”

அவள் என் நெற்றியைப் பார்த்தாள்.
சேலையைப் பார்த்தாள்.
என்ன நினைத்தாளோ,
அண்டாவில் செம்பை முக்கி
உச்சந்தலையில் கவிழ்த்துவிட்டாள்.

மலைத் தண்ணீர். மஞ்சள். வேப்பிலைக் கொத்து ஒன்று
காதோரம் தொங்கிற்று.
தப்பு நின்றது.
தலைவர் கையை உதறிக்கொண்டு வந்தார்.
“ஏ புள்ள, மிஸ்ஸு மேல போயா ஊத்துவ?
மொறக்காரங்க மேலதான ஊத்தணும்.
அவுங்க ஒனக்கு என்ன மொற?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.
நானும்.
கமலவேணி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.
“எனக்குத்தான் அண்ணனே இல்லியே.
இருந்தா, இவுங்க எனக்கு மதினி.”

பிறக்காத ஒருவனைச் சாட்சி வைத்து
அந்த வழக்குத் தள்ளுபடியாயிற்று.
தப்பு திரும்பவும் தொடங்கியது.
யாரோ என் கையில் செம்பைத் திணித்தார்கள்.
“திருப்பி ஊத்துங்க மிஸ்,
இல்லன்னா கோவம்னு அர்த்தம்.”
நான் அளந்து ஊற்றினேன்,
ஐந்து மில்லி இருக்கும்.
“இதென்ன சொட்டு மருந்தா?” என்றாள் மதினி.
இரண்டாவது செம்பை நான் அளக்கவில்லை.

இரவு சேலைக்குச் சவர்க்காரம் போட்டேன்.
மஞ்சள் போகவில்லை, சிவந்தது.
காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று
பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணினவள்தான்.
கை தன்பாட்டில் தேய்த்துவிட்டது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
“அந்த வெள்ளைச் சேலை பழுதாப் போச்சுது.
மஞ்சள் தண்ணி ஊத்திப்போட்டா.”
“ஆர்?”
“மச்சாள்.”
“எந்த மச்சாள்?”

கொக்குவில் மச்சாளுக்கு முழங்கால் ஏலாது,
டொரொன்டோவில் இருப்பவள்
தைமாதம்தானே வந்து போனவள்,
சங்கானையாளோடு எங்களுக்குக் கதை பேச்சில்லை,
என்று அம்மா ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு போனாள்.
வெளியில் கொடியில் சேலை சொட்டியது.
நான் குறுக்கிடவில்லை.