கிரேப் பேண்டேஜ்

ஒரு மாதமாக இடது முழங்காலில் சுற்றியிருந்தேன்.
அன்று மறந்துபோய் வலதில்.

அம்மாப்பேட்டையில் தறி நின்றுபோன கூடம்.
சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் ஓடுகிற தறி.
நடுவில் நீல மெத்தை,
வியர்வையும் டெட்டாலும் கலந்த வாசனை.
ஐம்பது கிலோப் பிரிவில் இரண்டே பேர்,
நானும் ரஞ்சிதமும்.

அவளுக்கு ஏற்காட்டுக்கும் மேலே ஊர்.
முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
பதினான்காவதில் தினமும் வாந்தி.
இறங்கிக் குழாயில் வாய் கொப்பளித்து
பாதி எலுமிச்சையைக் கடித்துக்கொண்டே வருவாள்,
கண்ணில் இன்னும் தண்ணீர் நிற்க.
பயமாயில்லையா என்றால்
"வளைவு அங்கியேதான இருக்கு" என்பாள்.
அது பதிலா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு வாந்தி வராது. கால் வலிக்கும்.
ஜூனில், நாமக்கல் போட்டிக்கு முந்தின இரவு வலித்தது.
ஆகஸ்டில், எடை மேடையில் ஏறும்போதே வலித்தது.
தோற்றவளைப் பார்த்து "அவ்வளவுதானா" என்பார்கள்.
வலிக்கிறவளுக்கு ஒத்தடம் கொடுப்பார்கள்.
ஒத்தடம் சுகமாக இருந்தது.

நெற்றி முட்டிக் கழுத்தில் கைபோட்டு நின்றால்
அவள் மூச்சில் எலுமிச்சை.
ஒரு மாதமும் என் வலது காலைத்தான் தூக்கினாள்,
கட்டுப் போட்ட காலைத் தொடவே மாட்டாள்.
எந்தப் பக்கம் வருவாள் என்று தெரியும்.
தெரிந்தும் விழுந்தேன்.
சொல்லிக்கொள்ளக் கட்டு இருந்தது.

அன்று குனிந்தவள்
அரை நொடி நின்றாள்.
சுவருக்கு அப்பால் தறி இரண்டு முறை அடித்தது.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
இடது காலைப் பிடித்துத் தூக்கினாள்.

கேட்டிருந்தால் ஒரு பொய் தயாராக இருந்தது.
சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மல்லாந்து கிடந்தேன்.
தகரக் கூரையில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள், பதினொன்று,
ஒவ்வொன்றிலும் துளி வெயில்.
இத்தனை முறை விழுந்தும் பார்த்ததில்லை.
விழும்போதெல்லாம் கண்ணை மூடியிருக்கிறேன் போல.

கட்டை அவிழ்த்தேன்.
அது வந்துகொண்டே இருந்தது.
"வா" என்று சொல்லி
முதல்முறையாக நான் முதலில் பாய்ந்தேன்.
தூரம் தப்பு, தோளும் தப்பு.
மெத்தை உரசி உதட்டில் ரத்தம்.
"இன்னொன்னு."
ஆறாவதோ ஏழாவதோ, அவள் குதிகால் என் கையில்.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்
விட்டுவிட்டேன்.
"விடாதடி லூசு!" என்று கத்தினாள்
விழ வேண்டியவள்.

மாவட்டத் தேர்வில் தோற்றேன்.
ஆத்தூர்க்காரி ஒருத்தியிடம், எட்டுக்கு நாலு.
அந்த நாலைப் பழைய பஸ் ஸ்டாண்ட் வரை
தூக்கிக்கொண்டு நடந்தேன்.
ரஞ்சிதம் முதல் சுற்றிலேயே மல்லாந்தாள்.
தட்டுவடை செட் வாங்கினோம்.
கிழிந்த உதட்டில் காரச் சட்னி எரிந்தது.
அவள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்,
அழுதுகொண்டே என் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றாள்.

ஏற்காடு வண்டி வந்தது.
அறுந்திருந்த அவள் பை வாரில்
பேண்டேஜை மூன்று சுற்றுச் சுற்றி
முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.
ஏறியவள் கண்டக்டரிடம்
கவர் இருக்கா என்று கேட்டாள்.

மேலே போகும்போதும் வருமாம்.
இத்தனை நாள் எனக்கு அது தெரியாது.