எடைச்சீட்டு

லாபிஸ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
பழத்தோடு வரும் லோரி ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும் லோரி ஓர் எடை,
நடுவில் இருப்பதற்குத்தான் காசு.

சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போகையில் அறுபத்திரண்டு கிலோ.
திரும்பி வருகையில் நாற்பத்தாறு.
நடுவில் இருபத்து மூன்று நாள்.

குப்புறப் போட்டிருந்தார்களாம்,
ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்.
மிஸ்ஸி ஃபௌசியா சொன்னாள்.
வலது கன்னத்தில் குழாய் அழுத்திய தழும்பு
அதற்குச் சாட்சி.
எனக்கு ஞாபகம் வேறு:
ஆலைச் சங்கு நிற்காமல் ஊதியது.
யாரோ என் நெஞ்சின்மேல்
குலைகுலையாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.
சீட்டு எங்கே என்றேன்,
குரல் வரவில்லை.

மயக்க மருந்துக்குமுன் பார்த்தேன்,
பக்கத்துக் கட்டிலில் ரஃபிகுல்.
டாக்கா பக்கத்துப் பையன், டிராக்டர் எண் ஏழு.
விழித்தபோது அங்கே புது விரிப்பு.
அவன் எங்கே என்று
போர்வைமேல் விரலால் எழுதினேன்.
மிஸ்ஸி போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.
சரியாகத்தான் இருந்தது அது.

என் காகிதத்தில் மலாயில் ஒரே வரி:
குணமடைந்தார், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

எடைமேடைக்கு நாலு படி.
இரண்டாவதில் நிற்கிறேன்.
லோரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதில்லை.
கை தலைவரை எட்டாததால்
குணாளன்தான் பின்னிவிடுகிறார், கோணலாக.

நேற்று எண் ஏழு வந்தது,
வேறொரு பையன்.
மொத்த எடையை எழுதினேன்.
மூச்சை இழுத்தேன்,
பாதியில் நின்றது.
அந்தப் பையன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு
சீட்டுக்குக் காத்திருந்தான்.
நானும்,
மீதிக்கு.