கைராசி

மார்கழியில் முதல் ட்ரிப் நாலே முக்காலுக்கு.
பெரம்பூரில் ஏறிய பூக்காரம்மாவுக்கு
மூன்று ரூபாய் பாக்கி.
காசு என் விரலுக்குள் இருந்தது.
நீட்டினேன்.
அவளும் நீட்டினாள்.
விரல் திறக்கவில்லை.

“குடுய்யா, இன்னா விளையாட்டு?”

ஓட்டேரி தாண்டிப் புரசைவாக்கம் வருவதற்குள்
கை பழகிவிடும்.
அதற்குள் அவள் இறங்கிப் போயிருப்பாள்
என் வம்சத்தையே திட்டிக்கொண்டு.
29சியில் எனக்குக் குலோத்துங்கன் என்று பெயரில்லை,
பிசினாறி.
டெப்போவில் மூன்று மெமோ.
எல்லாமே சில்லறை விவகாரம்.

ஒன்பது வருஷம்.

அயனாவரத்தில் சத்து மாத்திரை.
கீழ்ப்பாக்கத்தில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று
பட்டை மாட்டினார்கள்;
பட்டையோடு விசில் ஊதினால்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் குனிந்து சிரித்தன.
அண்ணா நகரில் அறுநூறு கட்டி உட்கார்ந்தால்
புஷ்பலதாவை வெளியே அனுப்பிவிட்டு
“வீட்ல ஏதாச்சும் டென்ஷனா?”
திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்,
“என்னப் பத்தி இன்னா சொன்ன?”

மச்சான் ஒருவரைக் கைராசிக்காரர் என்றான்.
கைமாற்று வாங்கிக்கொண்டு போனோம்.
மூடுங்க, திறங்க. மூடுங்க, திறங்க.
பத்தாவது தடவை
ஊரில் எல்லாருக்கும் திறப்பதுபோல் திறந்தது.
முதல் தடவை
அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் கையை விரித்தார்கள்.
எனக்கு அதுதான் வரவில்லை.

ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் ஃபைல்.
என் மகள் நிலானி
தன் நோட்டுக்கு ஒட்டும் லேபிளை அதிலும் ஒட்டியிருந்தாள்.
பெயர்: அப்பா.
பாடம்: தெரியவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரி.
அங்கேயும் ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.
குளிர் கொட்டும் ஏசி ரூம்,
வீட்டுக்குப் போகலாம் என்கிற காகிதம்.
கையெழுத்துப் போட்டுவிட்டுப்
பயிற்சி டாக்டர் ரெஹானாவின் பேனாவை
அவரிடமே நீட்டினேன்.
அவர் இழுத்தார். நான் கொடுத்தேன்.
பேனா நடுவில் நின்றது.

மன்னிச்சிக்கங்க மேடம், என்றேன்
ஒன்பது வருஷப் பழக்கத்தில்.

“விடாதீங்க,” என்றார்.
“அப்படியே இருங்க.”
அவர் தன் வாட்சைப் பார்த்தார்.
பிசினாறி என்று யாரும் சொல்லாத
பதினோரு நொடி.
பிறகு உள்ளங்கை மேட்டில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு.
கட்டைவிரல் உள்ளே மடங்கிப்போய்
ஊருக்குப் போனவன் திரும்புவதுபோல்
மெல்லத் திரும்பியது.

மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி.
மூன்று தடவை சொல்லச் சொன்னேன்.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்,
இடம் போதவில்லை.
மருந்து இருக்கா மேடம்?
“இதுக்கு இல்ல. இதயத்தப் பாத்துக்கணும், கண்ணப் பாத்துக்கணும்.”
வெளியே வந்து புஷ்பலதாவிடம் சொன்னபோது
ஏதோ வேலை கிடைத்தவன் மாதிரி சொன்னேனாம்.
அவள் இன்னமும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

“உங்க வீட்ல வேற யாருக்காவது?”

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.
காலையில் நாக்கு குழறும்.
கொக்கியை விடத் தெரியாமல்
மூட்டையோடு சேர்ந்து சரிந்தவரைக்
குடிகாரன் என்று எழுதி அனுப்பினார்கள்.
அம்மாவும் நம்பினாள்.
நானும் நம்பினேன்,
பாடையைத் தூக்கும்போதுகூட
வாசம் வருகிறதா என்று பார்த்தேன்.

இப்போது பூக்காரம்மாவிடம் சொல்லத் தெரியும்:
“இரும்மா, கை தொறக்கும்.”
அவள் கேட்டுக்கொள்கிறாள். சில நாள்
என் விரலை அவளே பிரித்துக் காசை எடுத்துக்கொள்கிறாள்,
மொட்டைப் பிரிப்பதுபோல்.

நிலானியின் ரத்தம் லேப்புக்குப் போயிருக்கிறது.
ஆறு வாரம் ஆகுமாம்.
பத்தாவது படிக்கிறாள்.
காலையில் டிபன் பாக்ஸை மூடுகிறாள்.
ஷூ லேஸ் தேடுவதுபோல் குனிந்துகொண்டு
மூடியின் மேல் இருக்கும் விரல்களைப் பார்க்கிறேன்.
ஒன்று.
இரண்டு.