தீக்குச்சி இடைவெளி

மேட்டில் எஞ்சின் கத்தியது;
சக்கரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
கோபிப் பாலையின் வடக்கோரம். மணற்காற்று.
பதினோரு ஒட்டகங்கள் எங்கேயோ.

ஜாம்பல் ஆயிலை மாற்றினான்.
ஆட்டுத்தோல் விரிப்பில் கிளட்ச் தட்டுகளைப் பரப்பி
ஒவ்வொன்றாக முகர்ந்தான்:
லேசான தீய்ந்த வாடை, தேய்மானம் இல்லை.
திரும்பப் பூட்டினான்.
கியர்பாக்ஸைத் திட்டினான்,
பிறகு வண்டியை விற்ற மைத்துனனை.

துல்மா லீவரைத் தொட்டுப் பார்த்தாள்.
கேபிள் விறைத்து நின்றது.
“யார் இவ்வளவு இறுக்கியது?”
அவன் ஸ்பானரைத் துடைத்தான்,
மிகக் கவனமாக.

லீவருக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே
ஒரு தீக்குச்சி நுழையும்வரை
திருகைத் தளர்த்தினாள்.
அவளே ஓட்டினாள்.

இரண்டாம் கியரில் மேடு வசப்பட்டது.
பின்னால் இருந்தவன்
அவள் இடுப்பை இறுகப் பற்றினான்.

“கொஞ்சம் விடு,” என்றாள்.
“அப்போதுதான் பிடிக்கும்.”