இரண்டு தசம் ஒன்பது

குளிர்ந்த ஜெல்லை வயிற்றில் பிழிந்துவிட்டு
"பிள்ளை குப்புறக் கிடக்கு" என்றார் டொக்டர்.
இருமச் சொன்னார். இருமினேன்.
இடப்பக்கம் சரியச் சொன்னார். சரிந்தேன்.
"சரி, கீழ போய் ஒரு நெக்டோ குடிச்சு
பத்து நிமிஷம் நடந்திட்டு வாங்கோ."

ஆசுப்பத்திரி வீதியில்
மருந்துக்கடைகளை எண்ணிக்கொண்டு நடந்தேன்.
நில அளவைக் கந்தோரில்
பதினொரு வருடமாய்ப் படம் கீறுகிறவள் நான்.
கோண்டாவிலில் ஒரு வேலி
ஒரு சாண் உள்ளே வந்ததற்காக
அண்ணனும் தம்பியும் பேசாமலே செத்தார்கள்.
அந்தக் கோட்டைக் கீறியது இந்தக் கை.
அளவென்றால் எனக்குப் பயமில்லை என்று
நிமலேந்திரனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டாந்தரம் ஏறிப் படுக்க
பிள்ளை புரண்டிருந்தது.
திரையில் தலை, மூக்கின் துளி எலும்பு,
கழுத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கீற்று.
தோலுக்கடியில் கொஞ்சம் நீர், அவ்வளவுதான்.
அதன் இரு கரையிலும்
சின்னச் சிலுவைக் குறிகள் இரண்டை வைத்தார்,
எல்லைக் கல்லுக்கு நான் வைப்பதுபோலவே.

உச்சியிலிருந்து குண்டி வரை
அறுபத்திரண்டு மில்லிமீற்றர்.
சீவிச் சீவிக் கடைசியில் எறிவேனே,
அந்தப் பென்சில்.
கீற்று: இரண்டு தசம் ஒன்பது.
மூன்று முறை அளந்து
மூன்றிலும் பெரியதை எடுத்துக்கொண்டார்.
அதுதான் முறையாம்.
எங்கள் கந்தோரில் என்றால் சராசரி எடுப்போம்.

"கொஞ்சம் கூடத்தான். உங்கட வயசையும் சேர்த்தா..."
முப்பத்தொன்பது.
அதை யாரும் அளக்கவில்லை, நானே சொன்னது.

இரத்தம் கொழும்புக்குப் போகும்.
நூற்றில் ஒன்று என்று வரலாம்,
ஆயிரத்தில் ஒன்று என்றும் வரலாம்.
வந்தால் என்ன செய்யலாம், கேட்டேன்.
துடைக்க ரிஷூ நீட்டினார்.
இந்த நாட்டில் அதற்கப்பால்
படத்தில் கோடு இல்லை.
"தெரிஞ்சு வச்சிருக்கலாம்" என்றார், கனநேரம் கழித்து.

வாசலில் ஹெல்மெற்றோடு நின்றவர்
என்னவாம் என்றார்.
"அசையுது" என்றேன். அதுவும் உண்மைதான்.

மத்தியானம் கந்தோரில்
யாருடையவோ காணிப்படத்தின்மேல்
அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.
ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுத்திட்டத்தில்
இரண்டு தசம் ஒன்பது
ஒரு ஒழுங்கை.
ஓட்டோ ஒன்று போகும்.
எதிரே இன்னொன்று வந்தால்
ஏதோ ஒன்று
பின்னுக்குப் போகவேண்டும்.