ஏணி பிடித்தவன்

பெத்தெஸ்டாவில் இன்றும் மழை.
மழைதான் கெத்தினுக்குச் சோறு:
ஒழுகாத கூரைக்கு யார் கூப்பிடுவார்கள்?

கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில்
ஒரு பெயின்ட் வாளி:
'முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு.'
வேய்கிற கூரை ஒவ்வொன்றுக்கும்
நாலு ஓட்டின் விலை அதில் விழும்.
கணக்கில் அதைச்
சேதாரம் என்று எழுதிக்கொள்வான்.

வருஷக் கடைசியில்
மேசையகலக் காசோலையோடு படமெடுக்க
அறக்கட்டளையிலிருந்து இட்வால் வருவான்,
சக்கரமெல்லாம் சேறாக.

ஒன்பது வருஷம் முன்பு
தேவாலயக் கூரையிலிருந்து விழுந்தவன்.
கீழே ஏணி பிடித்திருந்தவன்
ஒரு கையை விட்டுப்
போனை எடுத்திருந்தான்.

அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

காசோலையின் ஒரு முனை இவனிடம்,
மறுமுனை அவனிடம்.
"ஆட்டாதே," என்கிறான் இட்வால்,
"ரெண்டு கையாலும் பிடி."

படம் எடுத்தாயிற்று.
கெத்தின்
இன்னும் பிடித்திருக்கிறான்.