எடைக்கு வாங்கிய கூர்

முதல் பெட்டி ஏமாற்று.
முப்பது பிட், முப்பது வடிவம்,
கல்யாண போட்டோவுக்கு நிற்கும் ஒறம்பரை போல
மரப்பெட்டிக்குள் வரிசையாய்.
இரண்டு வருசத்தில் நான் தொட்டது மூன்று.
மற்றவை இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு
மூடி திறக்கும்போதெல்லாம் என்னையே பார்க்கும்.

அப்புறம்தான் உக்கடம்.
ஞாயிற்றுக்கிழமை, பழைய இரும்புச் சந்து.
அமானுல்லா கடையில் கார்பைடு எடைக்கு.
கணபதியிலும் சிட்கோவிலும்
மொக்கை என்று கழித்துப் போட்டதெல்லாம்
பெயிண்ட் டப்பாவில் குவிந்து கிடக்கும்.
அவருக்கு அது உருக்கப் போகிற கனம்.
நான் குத்தவைத்து
ஒவ்வொன்றாய்க் கட்டைவிரல் நகத்தில் சாய்த்துப் பார்ப்பேன்.
வழுக்கினால் டப்பாவுக்கே.
நகத்தைச் சித்தே பற்றினால்
மடியில்.
"ஏனுங்கக்கா, பவுனா பாக்கறீங்க?"
நூற்று நாற்பது கிராம்.
பத்து ரூபாய் சில்லறை இல்லையென்று
இன்னொன்றைப் போட்டார்,
ஊசி மாதிரி, ஒரு மில்லி.

வார நாளில் அரசூர் பவுண்டரியில்
பில் போடுகிறவள் நான்.
ராத்திரி ஏழுக்கு மேல்
மாடிப்படிக்கு அடியில், மெஷின் முன்னால்,
எதற்கு எது என்று யோசிக்கிறவள்.
மேல்நோக்கி அள்ளும் பிட் பிளைவுட்டின் விளிம்பைப் பிய்க்கும்.
கீழ்நோக்கி அமுக்கும் பிட் விளிம்பைக் காப்பாற்றும்,
ஆனால் தூளைக் குழிக்குள்ளேயே திணித்துப்
புகையக் கிளப்பும்.
அக்ரிலிக்குக்கு ஒற்றைப் பல்.
இல்லாவிட்டால் வெல்லப்பாகாய்ச் சுற்றிக்கொண்டு
அழ வைக்கும்.
மாவாய்க் கொட்டினால் வேகம் தப்பு.
தேங்காய்த் துருவல்போல் வந்தால்
கம்முனு உட்கார்ந்து டீ குடிக்கலாம்.

"அந்தக் கெரகத்த அக்கட்டால தள்ளிப் போடுங்க,
டிவி சத்தமே கேக்கறதில்ல"
என்று மூன்று தடவை சொன்ன வீட்டுக்காரர் பொங்கியண்ணன்
நாலாம் தடவை ஒரு வேப்பம் பலகையோடு வந்தார்.
மேல் போர்ஷன் காலியாம்.
போர்டு ஒன்று வேணுமாம்.
காசு பற்றி இருவருமே பேசவில்லை.

வீடு வாடகைக்கு.
தொடர்புக்கு.
கீழே பத்து எண்கள்.

மூன்று மில்லி பிட்டில் எழுத்துகளின் உடம்பு.
வேம்புத் தூள் தொண்டையில் கசந்தது.
'ட'வின் உள்மூலையில் நின்று யோசித்தேன்.
சுற்றுகிற எதுவும் சதுர மூலைக்குள் போகாது,
எத்தனை சிறியதானாலும்
தன் வளைவைக் கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் திரும்பும்.
அதனால்தான் நம் எழுத்தெல்லாம் சுழிசுழியாய்,
என் மெஷினுக்காகவே செய்தது போல்,
என்று ஒரு பெருமை வந்தது.
'ட' ஒத்துக்கொள்ளவில்லை.

சுழிகளுக்கும் புள்ளிகளுக்கும்
அந்த ஒரு மில்லி.
முதல் புள்ளி. நல்லது.
இரண்டாவது. அதுவும்.
மூன்றாவது, 'தொடர்புக்கு'வின் க் மேலே,
இறங்கியது.
சத்தம் என்று சொல்ல முடியாது,
சோற்றில் கல் பல்லில் பட்ட மாதிரி.
மெஷினுக்குத் தெரியவில்லை.
முறிந்த தண்டைத் தூக்கிக்கொண்டு
காற்றில் நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தது
மும்முரமாக.

இடுக்கியால் நோண்டினேன். வரவில்லை.
நம்பர்களை வேறொரு பிட்டில் முடித்தேன்,
முப்பதில் நான் தொடாத ஒன்று.
முனை கூரானது,
எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு அகலம் விடும்.
போன உறவுகளில் சிலரை நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் மாட்டியாயிற்று.
பொங்கியண்ணன் செல் நம்பரை மட்டும்
விரல் வைத்து இரண்டு முறை படித்துவிட்டுப் போனார்.

வீடு பார்க்க வந்தாள் ஒருத்தி,
திருப்பூரில் செக்கிங் வேலையாம்,
கண் அப்படி.
அட்வான்ஸ் கேட்கவில்லை, தண்ணி வருமா கேட்கவில்லை.
"அந்த ஒரு புள்ளி மட்டும் மினுங்குதுங்களே?"

"சில்லறைக்குப் பதிலா வந்ததுங்க," என்றேன்.